அபின் பெட்டியும் தூதர் பேனாவும்

திருக்குறளில் தூது ஓர் அதிகாரம். கள்ளுண்ணாமை மற்றோர் அதிகாரம். மருந்து வேறோர் அதிகாரம். முறையே 69, 93, 95 என்னும் எண்களில் இவை அமைந்துள்ளன. தூதன் வேந்தனின் வினைக்கு உரியவன். கள் தனிமனிதனின் ஒழுக்கத்தைச் சார்ந்தது. மருந்து உடலோம்பலுக்கு உரியது. ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களாகவே இவற்றைப் பழையோர் கருதினர். இருபதாம் நூற்றாண்டிலோ இம்மூன்றும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. போதைப்பொருளைக் கட்டுக்குள் வைக்க நாடுகள் தூதர்களை அனுப்பின. கைப்பற்ற வேண்டிய நஞ்சும் காப்பாற்ற வேண்டிய மருந்தும் ஒரே செடியின் பாலே என்பதால், அத்தூதர்கள் காவலர்போலவும் மருத்துவர்போலவும் ஒருங்கே எண்ண வேண்டியவராயினர்.

அம்மேசையின் வரலாற்றில் புதுச்சேரி மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. தமிழ்க் குடியிற் பிறந்த இரட்டையர் இருவருக்கும் இடம் உண்டு. கவிஞர்களின் எழுதுகோலைப் போற்றுவதற்கென எழுந்த மலரில், நாடுகளின் விதியை எழுதிய வேறொரு வகை எழுதுகோலை நினைத்துப் பார்ப்பதும் பொருத்தமே.

முந்நூறு பெட்டி அபின்

1814 மே 30ஆம் நாள் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்தியாவிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றங்களைத் திருப்பித் தர ஆங்கிலேயர் இசைந்தனர். ஆனால் அவை திரும்பி வந்தால் ஆங்கிலேயரின் உப்பு, அபின் ஏகபோகங்களுக்கு ஊறு நேரும் என்னும் அச்சம் இலண்டனில் இருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சந்திரநாகூரிலும் பிரெஞ்சுக்காரர் தம் விருப்பம்போல் உப்பு விற்றால், அயல் ஊர்களில் கம்பெனியார் வைத்த விலை நில்லாது. எனவே தனி உடன்படிக்கை ஒன்று வேண்டப்பட்டது.

1815 மார்ச் 7ஆம் நாள் இலண்டனில் அது கையெழுத்தாயிற்று. பதினெட்டாம் லூயி மன்னரின் தூதரான லா ஷாத்ர் பிரபு பிரான்சின் சார்பிலும், பக்கிங்ஹாம்ஷயர் பிரபு இங்கிலாந்தின் சார்பிலும் ஒப்பமிட்டனர். ஆறு நாள்களுக்கு முன்னர்தான், மார்ச் 1ஆம் நாள், எல்பாத் தீவிலிருந்து தப்பிய நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் வந்திறங்கியிருந்தார். அரசே ஆட்டம் காணத் தொடங்கிய அவ்வேளையிலும் தூதரின் பேனா உப்பையும் அபினையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தது என்பது நினைக்கத்தக்கது.

அவ்வுடன்படிக்கையின் சாரம் இரண்டு. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவைக்குப் போக எஞ்சியதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்கு. அதற்கீடாக ஆண்டுதோறும் நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் பிரான்சுக்கு. இது முதலாவது. கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் ஆண்டொன்றுக்கு 300 பெட்டிகள் வரை அபின் வாங்கிக்கொள்ளும் உரிமை பிரெஞ்சுக்காரருக்கு. இது இரண்டாவது. வங்காளத்து அபின் பெட்டி ஒன்றில் நாற்பது உருண்டைகள் அடுக்கப்படும். எடை 60 கிலோவுக்கு மேல். முந்நூறு பெட்டி என்றால் பன்னீராயிரம் உருண்டைகள்.

1816 டிசம்பரில் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் வந்தபோது, அதன் பின்னே இந்தக் கணக்கும் வந்தது. இரு பேரரசுகளும் அபினைத் தீங்கெனக் கருதி எல்லை வகுக்கவில்லை. வருவாயெனக் கருதியே எல்லை வகுத்தன. எண்ணிக்கைக்கு வரம்பு, விலைக்கு விதி, இரு நாட்டு ஒப்புதல் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. பின்னாளில் உலகக் கட்டுப்பாட்டு முறை கையாண்ட கருவிகளும் இம்மூன்றே. கருவி மாறவில்லை, அதைப் பிடித்த கையின் நோக்கமே மாறியது. அம்மாற்றம் நிகழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏரிக்கும் வயலுக்கும் இடையே ஓடிய எல்லை

உடன்படிக்கைத் தாளில் எழுதிய எல்லை மண்ணில் எப்படி இருந்தது என்பதை உழவர்கரை நன்கறியும். பிரெஞ்சு ஏடுகளில் உல்கரே எனப்பட்ட இவ்வூர், 1880இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன் ஆட்சிமுறை வந்தபோது வில்லியனூர், பாகூர் ஆகியவற்றோடு தனிக் கொம்யூனாக அமைந்தது. புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. பிரெஞ்சு ஊர்களுக்கு நடுவே ஆங்கிலேய ஊர்களும், ஆங்கிலேய ஊர்களுக்கு நடுவே பிரெஞ்சு ஊர்களும் சிதறிக் கிடந்தன. உறவும் தொழிலும் வழிபாடும் அறியாத அந்த எல்லையைச் சட்டம் மட்டுமே அறிந்திருந்தது. ஒரு நாட்டின் காவலர் துரத்திவந்த பொருள் வரப்பொன்றைத் தாண்டிவிட்டால் வேறொரு நாட்டின் பொருளாயிற்று.

1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் ஆங்கிலேய இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றியம் ஏற்பட்டு உள்நாட்டுச் சுங்கவேலி நீங்கியது. விடுதலைக்குப்பின் 1949இல் அவ்வொப்பந்தம் முடிவுற, இந்திய அரசு மீண்டும் வேலியிட்டது. அடுத்த ஐந்தாண்டுகளில் பொன்னும் வைரமும் அயல்நாட்டுச் சரக்கும் இவ்வெல்லை வழியே கடத்தப்பட்டன. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. சுங்கவேலி மறைந்த பின்னரும், மதுவரி இரு பக்கமும் வேறுபடுவதால் சாலைகளில் சோதனைச் சாவடிகள் நிற்கின்றன.

இது சிற்றூர்ச் செய்தி எனத் தள்ளத்தக்கதன்று. இரு சட்டங்கள் அருகருகே நின்றால், அவற்றின் இடுக்கே கடத்தல்காரனின் வழியாகும். அந்த இடுக்கை எந்த ஒரு நாட்டுக் காவல்துறையும் தனித்து அடைக்க இயலாது. இரு அரசுகளும் ஒரே சொல்லுக்கு ஒரே பொருளை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லைத் தேடித் தருவதே தூதரின் பணி.

கவிஞரின் குரல்

அபினைப் பற்றி அரசுகள் வாய் திறக்குமுன் கவிஞர் ஒருவர் வாய் திறந்தார். இரவீந்திரநாத் தாகூர் தம் இருபதாம் வயதில், 1881இல், ‘பாரதி’ என்னும் வங்க இதழில் சீனத்தில் நடக்கும் மரண வணிகம் என்னும் பொருள்படத் தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார். 1839இலும் 1856இலும் தொடங்கிய இரு போர்களால் சீனத்தின் வாயில் திறக்கப்பட்டு, இந்திய அபின் அங்கே குவிந்த காலம் அது. அபின் வருவாய் ஆங்கிலேய இந்தியாவின் மொத்த வருவாயில் சில காலங்களில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக இருந்தது. ஆட்சியின் கருவூலம் அயலவனின் புகைக்குழாயில் தங்கியிருந்த நிலையை ஓர் இளங்கவி குற்றமெனச் சொன்னார்.

1893இல் அமைந்த அரச அபின் ஆணைக்குழு இந்தியப் பழக்கத்தில் பெருந்தீங்கில்லை என்றே 1895இல் முடிவுரைத்தது. எனினும் குரல்கள் அடங்கவில்லை. 1907இல் சீனத்துக்கும் இங்கிலாந்துக்கும் ஏற்பட்ட இசைவின்படி இந்திய ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறையத் தொடங்கியது. 1909 பிப்ரவரியில் ஷாங்காய் நகரில் பதின்மூன்று நாடுகள் கூடின. பேராயர் பிரெண்ட் தலைமை தாங்கினார். 1912 ஜனவரி 23இல் ஹேகு நகரில் முதல் பன்னாட்டு அபின் உடன்படிக்கை எழுந்தது. முதல் உலகப்போருக்குப்பின் வெர்சாய் உடன்படிக்கையோடு அது பிணைக்கப்பட்டு நாடெங்கும் செல்லுபடியாயிற்று. அசாமில் அபினுக்கு எதிராகக் காந்தியடிகளின் இயக்கம் எழுந்ததும், சி. எஃப். ஆண்ட்ரூஸ் அங்கு நடந்த விசாரணையில் துணைநின்றதும் 1920களின் செய்திகள். 1926இல் இந்திய அரசு, மருத்துவத்துக்கல்லாத அபின் ஏற்றுமதியைப் படிப்படியே குறைத்துப் பத்தாண்டில் நிறுத்துவதாக அறிவித்தது. 1935 முடிவில் அது நிறைவேறியது.

ஜெனீவாவில் பிறந்த கணக்கு

மனசாட்சி எழுப்பிய கேள்விக்கு விடை காணக் கணக்கு வேண்டியிருந்தது. 1925, 1931 ஆகிய ஆண்டுகளில் ஜெனீவாவில் கூடிய தூதர்கள் அக்கணக்கை வகுத்தனர். அதன் இயக்கம் எளிது. மார்பின் வேண்டும் நாடு தன் அரசின் இறக்குமதிச் சான்றை அனுப்ப வேண்டும். அச்சான்றைக் கண்ட பின்னரே விற்கும் நாடு ஏற்றுமதி அனுமதி தரும். இரு நாடுகளும் ஜெனீவாவிலுள்ள நிலைத்த மத்திய அபின் வாரியத்துக்குக் கணக்கு அனுப்பும். ஒருவர் விற்றதாகச் சொல்லும் அளவும் மற்றவர் வாங்கியதாகச் சொல்லும் அளவும் ஒவ்வாவிடின், இடைவழியில் ஒழுகியது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். 1931இன் உடன்படிக்கை மேலும் ஒரு படி சென்றது. ஒவ்வொரு நாடும் அடுத்த ஆண்டுக்குத் தனக்கு எவ்வளவு மருந்து தேவை என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டுரைக்க வேண்டும். அதற்குமேல் உற்பத்தியும் இறக்குமதியும் கூடா.

ஐரோப்பியத் தொழிற்சாலைகள் நோய்க்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு மார்பினும் ஹெராயினும் செய்து குவித்த காலம் இக்கணக்கால் முடிவுக்கு வந்தது. துப்பாக்கி ஏந்திய படை இதைச் செய்யவில்லை. இரு படிவங்களை ஒப்புநோக்கிய எழுத்தர் செய்தார். அதே வேளையில் அக்கூட்டங்களில் இந்தியாவின் பெயரால் பேசியவர் ஜான் காம்ப்பெல் போன்ற ஆங்கிலேய அதிகாரிகளே என்பதையும் மறத்தற்கில்லை. 1925இன் கூட்டத்தில் எகிப்தின் வற்புறுத்தலால் கஞ்சாவும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதை விளைத்த மண்ணின் மக்கள் தம் குரலில் பேசும் நாள் அப்போது வரவில்லை.

ஆர்க்காட்டு இரட்டையர்

அந்நாள் 1946இல் அரும்பியது. 1887 அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் தமிழ் முதலியார் குடும்பம் ஒன்றில் பிறந்த இரட்டையர் ஆர்க்காடு இராமசாமி முதலியாரும் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியாரும். மூத்தவர் வழக்கறிஞர், நீதிக்கட்சித் தலைவர், ‘ஜஸ்டிஸ்’ ஏட்டின் ஆசிரியர், சென்னை நகரத் தந்தை எனப் படிப்படியே உயர்ந்தவர். இளையவர் மகப்பேற்று மருத்துவ வல்லுநர். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

இராமசாமி முதலியார் தொழில்முறைத் தூதரல்லர். ஆயினும் 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் இந்தியத் தூதுக்குழுவை வழிநடத்தி ஐக்கிய நாடுகள் சாசனத்தில் ஒப்பமிட்டார். பொருளாதாரக் கூட்டுறவையும் சமூகக் கூட்டுறவையும் ஆராய்ந்த குழுவுக்கு அங்கே தலைமை வகித்தார். 1946 ஜனவரியில் இலண்டனில் பதினெட்டு நாடுகளைக் கொண்ட பொருளாதார சமூக மன்றம் முதன்முதலாகக் கூடியபோது அதன் முதல் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். அம்முதற் கூட்டத்திலேதான், பிப்ரவரி 16ஆம் நாள், போதைமருந்து ஆணையம் தோற்றுவிக்கப்பட்டது. மனித உரிமை ஆணையத்துக்கான தீர்மானமும் உலகச் சுகாதார மாநாட்டைக் கூட்டும் முடிவும் அதே நாள்களில் பிறந்தவை.

ஆணையத்தை அவரே எழுதிப் படைத்தார் எனல் மிகை. பல நாட்டார் கூடி எழுதியதை முடிவாக்கித் தந்தது அவர் வகித்த தலைமை. போரில் சிதறிய பழைய அமைப்பின் ஏடுகள் கைவிடப்படாமல் புதிய அமைப்பின் கைக்குச் சேரவேண்டும் என்பதே அன்றைய தேவை. சுதந்திரம் பெறாத நாட்டின் பிரதிநிதி ஒருவர் வல்லரசுகளின் நடுவே அமர்ந்து அதை நிறைவேற்றினார். ஆணையத்தின் முதல் பதினைந்து உறுப்பு நாடுகளில் இந்தியாவும் இருந்தது, பிரான்சும் இருந்தது. 1815இல் வாங்குவோனும் விற்போனுமாக வகுக்கப்பட்ட புதுச்சேரிக் கணக்கின் இரு பக்கங்களும், 1946இல் தடுப்போர் வரிசையில் அருகருகே அமர்ந்தன எனலாம். அவ்வாண்டு டிசம்பர் 11இல் பழைய உடன்படிக்கைகள் அனைத்தும் ஐக்கிய நாடுகள் அவையின் பொறுப்புக்கு மாறின.

இளையவர் இலட்சுமணசாமி முதலியாரின் வழி வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிருவாகக் குழுவுக்கு 1949இல் தலைவரானார். 1961 பிப்ரவரியில் புதுதில்லியில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவைக்கும் தலைமை தாங்கினார். எந்த மருந்து கட்டுப்பாட்டுக்கு உரியது, எது மருத்துவத்துக்கு இன்றியமையாதது என ஆய்ந்துரைக்கும் பொறுப்பு அந்நிறுவனத்தினுடையது. அண்ணன் தலைமையேற்ற மன்றம் கட்டுப்பாட்டின் வீடு; தம்பி தலைமையேற்ற பேரவை மருந்தின் வீடு. ஒரு கருவில் தோன்றிய இருவர் ஒரே வினாவின் இரு பாதிகளுக்கு அருகே நின்றனர். அப்பேரவை கூடிய மறுமாதம், 1961 மார்ச் 30இல், நியூயார்க்கில் பழைய உடன்படிக்கைகள் திரண்டு ஒரே உடன்படிக்கையாயின.

சொல்லில் நடந்த போர்

அவ்வுடன்படிக்கையைக் கவிஞர் ஒருவர் படித்தால் அதில் சொல்லின் நுட்பத்தையே முதலில் காண்பார். அபின் செடியின் எல்லாப் பகுதிகளும் கட்டுப்பாட்டுக்குரியவை, விதை நீங்கலாக. அந்த ‘நீங்கலாக’ என்னும் சொல்லால் நம் அடுக்களைக் கசகசா பிழைத்தது. எனினும் சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள் தம் சட்டத்தால் கசகசாவையும் தடுத்துள்ளன என்பதைப் பயணம் செல்வோர் அறிவர். கஞ்சாவின் பூவும் காயும் கொண்ட நுனி வரையறைக்குள் வந்தது. தனித்த இலை வெளியே நின்றது. வடபுலத்துப் பாங்கு வழக்கம் காலங்காலமானது என இந்தியத் தரப்பு வாதிட்டதன் தடம் அதில் உண்டு. 2020 டிசம்பர் 2இல் அதே ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம் 27க்கு 25 என்னும் வாக்கில் நிறைவேறியபோது, இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. ஒரு சொல்லின் இடம் மாற அறுபதாண்டுகள் ஆயின.

வியன்னாவில் ஒரு தூதர்

1988 டிசம்பர் 20இல் வியன்னாவில் எழுந்த மூன்றாம் பெரும் உடன்படிக்கை காவல்துறையின் மொழியைத் தூதரின் மொழியோடு இணைத்தது. இந்தியா 1990 மார்ச்சில் அதில் சேர்ந்தது. கடத்தல் பணத்தைப் பறிமுதல் செய்தல், குற்றவாளியை ஒப்படைத்தல், ஹெராயின் செய்யப் பயன்படும் அசெட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற வேதிப்பொருள்களைக் கண்காணித்தல் ஆகியவை அதன் கூறுகள். கடத்தற் சரக்கைக் கண்டவுடன் பிடிக்காது, கண்காணிப்போடு செல்லவிட்டு, அதன் மறுமுனையிலுள்ள தலைவனைப் பிடிக்கும் முறையும் அதில் இடம்பெற்றது. சரக்கு கடந்து செல்லும் ஒவ்வொரு நாடும் முன்னரே இசையாவிட்டால் இம்முறை இயங்காது. உழவர்கரை வரப்பில் நின்றுபோன காவலரின் துன்பத்துக்கு உலகம் கண்ட மருந்து இது.

அந்த இசைவைத் திரட்டும் பொறுப்பு தொழில்முறைத் தூதர் ஒருவரின் கைக்கு வந்தது. 1930இல் மிலானில் பிறந்த இத்தாலியர் ஜார்ஜோ ஜாகோமெல்லி, தம் நாட்டு வெளியுறவுப் பணியில் வளர்ந்தவர். 1985 முதல் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் முகமையை நடத்தியவர். சிதறியிருந்த மூன்று அலுவலகங்களை ஒன்றாக்கி ஐக்கிய நாடுகள் அமைத்த பன்னாட்டுப் போதைமருந்துக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 1991இல் அவர் தலைவரானார். 1997 வரை அப்பணியில் இருந்தார். காவல் அதிகாரி ஒருவரை விடுத்து அகதிகளிடையே பணியாற்றிய தூதரைத் தேர்ந்ததில் காரணம் காணலாம். விளைக்கும் நாடு உழவனின் வறுமையைச் சொல்லும். வாங்கும் நாடு தன் இளைஞரின் சாவைச் சொல்லும். இடைநாடு தன் எல்லையின் நீளத்தைச் சொல்லும். மூவரும் மற்றவரையே குற்றஞ்சாட்டும் அறையில், மூவரும் ஒப்பமிடத்தக்க ஒரு வாக்கியத்தைத் தேட வல்லவர் வேண்டும்.

மறந்துபோன பாதி

இவ்வரலாறு வெற்றிக் கதையாக மட்டும் முடியவில்லை. 1961 உடன்படிக்கையின் முகவுரை, வலி நீக்கத்துக்கு இம்மருந்துகள் இன்றியமையாதவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அவை கிடைக்க வழிசெய்தல் அரசுகளின் கடன் என்கிறது. நாடுகள் தம் சட்டங்களில் கட்டுப்பாட்டை எழுதின, கடனை மறந்தன.

இந்தியாவே இதற்குச் சான்று. மத்தியப் பிரதேசம், இராசத்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர் அபின் விளைக்கின்றனர். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் உண்டு. அபின் பாலைச் சட்டப்படி ஏற்றுமதிக்கென விளைக்கும் நாடு உலகில் இது ஒன்றே. ஆனால் 1985இல் வந்த போதைமருந்துச் சட்டத்தின் கடுமையால், ஒரு சிறு மார்பின் கையிருப்புக்கும் பல துறைகளின் உரிமங்கள் வேண்டியிருந்தன. மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் அஞ்சி அதைக் கைவிட்டன. உலகின் வலியாற்ற மூலப்பொருள் அனுப்பிய நாட்டில், புற்றுநோயாளி வலியால் துடித்தான். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் போன்றவற்றின் இடைவிடாத முயற்சியால் 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாப் போதைமருந்துகள் என்னும் புதிய வகை சேர்ந்தது. அவ்வகைக்கு நாடு முழுதும் ஒரே விதி ஏற்பட்டது. கடத்துவோனுக்கு என எழுதிய சொல், மருத்துவரின் கையைக் கட்டிய பிழையைத் திருத்த முப்பதாண்டுகள் தேவைப்பட்டன.

உழவர்கரை நகராட்சி எல்லையில் கோரிமேட்டுச் சாலையோரம் ஜிப்மர் மருத்துவமனை நிற்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. அங்கே வலியோடு வரும் ஒருவருக்கு மருத்துவர் எழுதித்தரும் மார்பின் மாத்திரையின் பின்னே நீண்ட தாள்வரிசை ஒன்று இருக்கிறது. நீமச்சு உழவனின் உரிமம், ஆலையின் பதிவேடு, வியன்னாவுக்குச் சென்ற ஆண்டு மதிப்பீடு, மருந்தகத்தின் கையிருப்புக் கணக்கு என ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கையெழுத்தைத் தாங்கியது. 1815இன் முந்நூறு பெட்டிக் கணக்கில் விலையும் எண்ணிக்கையும் இருந்தன, மனிதர் இல்லை. அதே கணக்கில் மனிதரின் வலிக்கும் ஒரு பத்தி சேர்த்ததே பின்வந்த தூதர்களின் உண்மையான சாதனை. அப்பத்தியை வெறுமையாக விடாதிருத்தல், சட்டம் எழுதுவோருக்கும் சொல்லின் எடையறிந்த கவிஞர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.